நகரத்தின் வரைபடத்தில் உழைப்பாளிக்கு இடம் எங்கே?

2025ஆம் ஆண்டு மே மாதம். அடையாற்றங்கரையில் அனகாபுத்தூர். ஒரு காலத்தில் தறிச்சத்தம் ஓயாத ஊர்; நைஜீரியா நாட்டுக்குத் துணி நெய்து அனுப்பிய நெசவாளர்களின் ஊர். அந்த ஊரின் ஆற்றோரக் குடியிருப்புகளில், வேலைக்குக் கிளம்ப வேண்டிய ஜனங்கள் அன்று கிளம்பவில்லை. பாத்திரம் பண்டங்களையும் பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் தெருவில் அடுக்கி வைத்துவிட்டு நின்றார்கள். ஒரு பக்கம் போலீஸ். மறுபக்கம் ஜே.சி.பி. இயந்திரங்கள். ஆற்றைச் சீரமைக்கும் திட்டத்துக்காக ஐந்நூறுக்கும் அதிகமான குடும்பங்களின் வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. அவர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கீரப்பாக்கத்துக்கும் தைலாவரத்துக்கும் பிரித்து அனுப்பினார்கள்.

“இவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்” என்று சர்க்கார் சொல்லிற்று. நீதிமன்றமும் தடுக்கவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் இவர்களே முதலில் சாவார்கள், ஆகவே இவர்கள் நன்மைக்காகவே அப்புறப்படுத்துகிறோம் என்றும் உத்தியோகஸ்தர்கள் விளக்கம் சொன்னார்கள்.

ஆற்றில் வெள்ளம் வருவது வாஸ்தவம். ஆற்றுக்கு இடம் வேண்டும் என்பதும் வாஸ்தவம். நாம் அதை மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. இந்த ஆற்றின் மேல்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும், ஏரியிலும் சதுப்பிலும், மாடி மேல் மாடி கட்டி விற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அனுமதிக் கடிதம் இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கொடுத்தது யார்? கூலிக்காரன் கையில் மட்டும் அது இல்லாமல் போனது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை அனகாபுத்தூரில் இல்லை. எழும்பூரில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் மேஜைமேல் கிடக்கும் வரைபடத்தில் இருக்கிறது.

வண்ணத்தில் இருக்கிறது விஷயம்

மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இந்த வரைபடம் பழக்கமில்லாத சங்கதி. ஆகவே சற்று விளக்கமாகவே சொல்லுகிறோம்.

1971ல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. இதன்படி சென்னையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் எப்படி வளர வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு, அதாவது சி.எம்.டி.ஏ.வுக்குத் தரப்பட்டது. 1976ல் முதலாவது முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2008 செப்டம்பரில் இரண்டாவது திட்டம் வந்தது. அதன் கெடு 2026. அடுத்து 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தின் தயாரிப்பு வேலை சில ஆண்டுகளாக நடந்து வருகிறது.

திட்டம் என்றால் என்ன? 1,189 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வண்ணம் பூசுகிறார்கள். இது குடியிருப்பு, இது வியாபாரம், இது தொழிற்சாலை, இது விவசாயம், இது திறந்தவெளி என்று பிரிக்கிறார்கள். விவசாயம் என்று வண்ணம் பூசிய இடத்தில் மாடி கட்ட முடியாது. அதே இடத்துக்குக் குடியிருப்பு என்று வண்ணம் மாறிவிட்டால், மறுநாளே அதன் விலை பல மடங்கு ஏறிவிடும். நிலத்தில் ஒரு மண்வெட்டி மண்கூட வெட்ட வேண்டியதில்லை. காகிதத்தில் வண்ணம் மாறினால் போதும்.

வண்ணத்தை மாற்றுவதற்கும் வழி இருக்கிறது. ‘நில உபயோக மாற்றம்’ என்று அதற்குப் பெயர். நிலம் வைத்திருப்பவர் மனுப் போடுவார். பத்திரிகையின் மூலையில் ஒரு சிறு விளம்பரம் வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், ஆட்சேபணை உள்ளவர்கள் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று போட்டிருக்கும். கழனியில் நாற்று நடுகிறவளும், இரவு ஷிப்டு முடித்து வந்து தூங்குகிறவனும் அந்த மூலையைப் படித்து ஆட்சேபணை தெரிவிப்பார்களா? கெடு முடியும். ஆட்சேபணை வரவில்லை என்று எழுதிக் கொள்வார்கள். ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலம் அடுக்குமாடி ஆகிவிடும்.

ஏரிகள் போன கதை

நமது செங்கல்பட்டு ஜில்லா ஏரிகளின் ஜில்லா. இங்கே ஏரி என்பது தனியாக நிற்கும் குளமல்ல. மேலூர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாகக் கீழூர் ஏரிக்குத் தண்ணீர் போகும். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும். சதுப்பு அதைத் தாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் மெல்ல மெல்ல விடும். மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் அடையாறாகி, வரதராஜபுரம், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாகப் போகும். இதுதான் நம் முன்னோர்கள் வகுத்த திட்டம். வண்ணம் பூசிய காகிதம் அவர்களிடம் இல்லை. ஆனால் தண்ணீர் எங்கே போகும் என்பது தெரிந்திருந்தது.

இந்தச் சங்கிலி என்ன கதியாயிற்று? பல்லாவரம் பெரிய ஏரியைப் பிளந்துகொண்டு 200 அடிச் சாலை போகிறது. சாலை போட்டது குடிசைவாசி அல்ல, சர்க்கார். 50 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கிறது. அந்தச் சதுப்பின் மேலேயே மாநகராட்சி பல ஆண்டுக்காலம் குப்பையைக் கொட்டி மலையாக்கிற்று. சதுப்பைச் சுற்றி சர்க்கார் நிறுவனங்களும் தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. இவை எல்லாம் முறைப்படி அனுமதி பெற்றவை என்று சொல்லப்படுகின்றன. 2022ல் இந்தச் சதுப்பு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் கட்டட அனுமதிகள் குறித்துப் புகார் எழுந்து, 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியதாயிற்று. எல்லையை அளந்து தீர்மானிக்கும் வரையில் சதுப்பிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும் புதிய அனுமதி தராதே என்று அது உத்தரவிட்டது. பாதுகாக்க வேண்டிய எல்லையே தெரியாமல்தான் இத்தனை காலம் அனுமதி தந்துகொண்டிருந்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

2015 டிசம்பர் 1ந் தேதி மழை கணக்கைத் தீர்த்தது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடிவீட்டுக்காரர் மொட்டைமாடியில் நின்றார். குடிசைக்காரன் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினான். வங்கிக் கடன் வாங்கி மனை வாங்கிய குமாஸ்தாவும் ஆசிரியரும் அன்றுதான் தாங்கள் வாங்கியது தண்ணீர் ஓடும் வழி என்று தெரிந்து கொண்டார்கள். அவர்கள் நமக்கு எதிரிகளல்ல. அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே. ஏரிக்கு இடம் விட வேண்டும் என்ற கோரிக்கை மாடிவீட்டுக்காரரின் கோரிக்கை, குடிசைக்காரனுக்கு அது விரோதம் என்று சிலர் பேசுகிறார்கள். தவறு. வெள்ளம் முதலில் ஏறுவது குடிசையில். கிணறு வற்றினால் குடத்தோடு லாரிக்கு முன் நிற்பதும் குடிசைப் பெண். ஏரி யாருக்கும் முன்னால் நமக்கு வேண்டும்.

கூலிக்காரன் கைக்கு என்ன வந்தது?

ஏரி அழிந்த கதையில் இன்னொரு கதை மறைந்திருக்கிறது. அதைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை.

ஏரி இருந்தால் ஆயக்கட்டு இருக்கும். ஆயக்கட்டு இருந்தால் நடவும் களையெடுப்பும் அறுப்பும் இருக்கும். வரத்துக்கால்வாயைத் தூர்வார ஊரே இறங்கும். மனை வியாபாரி வந்தான். ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருந்தவர் விற்றார். கல் நட்டார்கள், கொடி கட்டினார்கள், ‘நகர்’ என்று பெயர் வைத்தார்கள். நிலத்துக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு தொழில் பார்த்தார். அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாகச் சேற்றில் நின்றவனுக்கு என்ன கிடைத்தது? விற்பதற்கு அவனிடம் நிலம் இல்லை. ஆகவே விலை ஏறியதில் ஒரு காசும் இல்லை. வேலையும் போயிற்று. நேற்று நாற்று நட்ட பெண் இன்று அதே நிலத்தில் எழுந்த மாடியில் செங்கல் சுமக்கிறாள். கட்டி முடிந்ததும் அந்த மாடியிலேயே பாத்திரம் தேய்க்கிறாள். அவள் குடியிருக்கும் நத்தத்துக்கும் பட்டா இல்லை. அதற்கும் ஒரு நாள் நோட்டீஸ் வரும்.

கிராமம் நகரோடு சேர்ந்தால் அபிவிருத்தி வரும் என்கிறார்கள். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் வந்தால் சந்தோஷமே. ஆனால் ஊரக வேலைத் திட்டம் எந்தப் பெயரில் நடந்தாலும் கிராம ஊராட்சிக்கு மட்டுமே உரியது. ஊராட்சி மாநகராட்சியாகிற அன்றே அந்த வேலை நின்றுவிடும். வரி மட்டும் ஏறும். கூலிக்காரனுக்கு மாற்று வேலை என்ன என்று எந்த வரைபடத்திலாவது குறித்திருக்கிறார்களா?

ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதைதான். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த தோல் ஆலையால் வந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கார் ஆலை இருந்தது. 1980களின் இறுதியில் அங்கே உற்பத்தி நின்றது. தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த நிலத்தில் பின்னால் கம்பெனி அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. தொழிலுக்கென்று இருந்த பூமி தொழிலாளிக்கு வீடாகவில்லை, காசுள்ளவர்க்கு வீடாயிற்று. 1984ல் தாம்பரத்தில் ஏற்றுமதித் தொழில் வளாகத்துக்கு 262 ஏக்கர் ஒதுக்கினார்கள். பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், அங்கே உழைத்தார்கள், இன்றும் உழைக்கிறார்கள். ஏற்றுமதிக்கு 262 ஏக்கர் ஒதுக்கத் தெரிந்த சர்க்காருக்கு, அந்தப் பெண்கள் தலை சாய்க்க எத்தனை ஏக்கர் வேண்டும் என்று கணக்குப் போடத் தோன்றவில்லையே, ஏன்?

எடுத்த இடமும் எறிந்த இடமும்

இப்போது அனகாபுத்தூர் குடும்பங்களை அனுப்பிய பெரும்பாக்கத்தைப் பாருங்கள்.

2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் குடிசைகளைப் பெயர்த்து நகரத்தின் தென்கோடியில் கொண்டுபோய்க் கொட்டும் வேலை நடந்து வருகிறது. கண்ணகி நகரில் 15,656 வீடுகள். செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். பெரும்பாக்கத்தில் அடுக்கடுக்காக இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகள். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று அழைத்து வந்தார்கள். கொண்டு வந்து வைத்த இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கம் மூழ்கிற்று. வெள்ளத்துக்குப் பயந்து வந்தவன் வெள்ளத்திலேயே மறுபடி நின்றான்.

அனகாபுத்தூரிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பம்மலிலும் பல்லாவரத்திலும் வீட்டு வேலை செய்த பெண் விடியுமுன் எழுந்து இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஏழு மணி வீட்டுக்கு எட்டரைக்குப் போனால் அந்த வீடு அவளுக்கு இல்லை. பள்ளி மாறிய பையன் பாதியில் நிற்கிறான். கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக்கடை, அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, சங்கத்தின் கொடிக்கம்பம், வேலை சொல்லி அனுப்பிய மேஸ்திரி, எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. வீடு என்பது நான்கு சுவர் மட்டுமா? பிழைப்பு எங்கேயோ அங்கேதான் உழைப்பாளிக்கு வீடு. பிழைப்பிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, குளியலறையோடு கூடிய வீடு கொடுத்தோம் என்று மார்தட்டுவது கண்துடைப்பு.

வேறு வழியே இல்லை என்கிறார்கள். வேறு வழி இருந்தது. இதே சென்னையில், இதே சர்க்கார் செய்த வழி அது. 1970ல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971ல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. அந்த ஆண்டே 1,202 குடிசைப் பகுதிகள் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. வாரியத்தின் ஆரம்ப காலத்தில் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். 1985ல் மேலும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அதோடு சரி. அதற்குப் பிறகு சென்னையில் ஒரு குடிசைப் பகுதிகூட அந்தச் சட்டப்படி அறிவிக்கப்படவில்லை. குடிசை குறைந்ததா? இல்லை. நிலத்தின் விலை ஏறிற்று. விலை ஏறிய நிலத்தில் ஏழை இருக்கலாகாது என்ற எண்ணம் ஏறிற்று.

இரண்டு நியாயம்

சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்கிறார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

2008ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தின் விதிகளில் ஒரு விதி உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில், ஏறக்குறைய இரண்டரை ஏக்கரில், குடியிருப்புக் கட்டுகிறவர், சாலை போக மீதி இடத்தில் குறைந்தது நூற்றுக்குப் பத்துப் பங்கைக் குறைந்த வருவாய்க்காரர் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். வீடு 45 சதுர மீட்டருக்கு மிகக்கூடாது. அந்த இடத்திலேயோ, அதிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயோ கட்டித் தர வேண்டும்.

தோழர்களே, இந்த விதியை நன்றாக மனதில் வாங்கிக் கொள்ளுங்கள். பழைய மாமல்லபுரம் சாலையிலும், ஜி.எஸ்.டி. சாலையிலும், மேடவாக்கத்திலும், பெருங்களத்தூரிலும் இரண்டரை ஏக்கருக்கு மேல் எத்தனை அடுக்குமாடி வளாகங்கள் எழுந்திருக்கின்றன! அத்தனை வளாகத்திலும் பத்தில் ஒரு பங்கு உழைப்பாளிக்குச் சேர வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் காவல்காரரும் எலெக்ட்ரீஷியனும் இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருந்திருக்க வேண்டும். அந்த வீடுகள் எங்கே? எந்தத் தெருவில் இருக்கின்றன? யார் குடியிருக்கிறார்கள்? பின்னால், வீடு கட்டித் தருவதற்குப் பதிலாகச் சர்க்காரின் நிதிக்குப் பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்று வேறு வழியைத் திறந்து விட்டார்கள். பணம் கட்டினால் அந்தப் பணத்தில் நகரத்தின் மத்தியில் நிலம் வாங்க முடியுமா? முடியாது. மறுபடியும் ஊர்க்கோடிதான்.

இன்னும் பாருங்கள். 2017ல் அனுமதியற்ற மனைப்பிரிவுகளைக் கட்டணம் கட்டினால் வரன்முறை செய்ய விதி கொண்டுவந்தார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கியவர்கள் பிழைத்துப் போகட்டும். அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அனுமதியில்லாமல் மனை பிரித்து விற்றுக் கொழுத்தவன் எந்தச் சிறைக்குப் போனான்? 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று பெயர். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், நடுவில் ஏரி, ஓடை, கால்வாய் இருந்தாலும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வழி செய்யும் சட்டம் அது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து 2022 முதல் போராடி வந்த ஏகனாபுரம் விவசாயிகள் இதன் பொருளை உடனே புரிந்துகொண்டார்கள்.

ஏரிக்கரையில் ஒரு சென்ட் இடத்தில் ஓலை வேய்ந்தவனுக்கு 2007ஆம் வருஷத்திய ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். ஏரியையே உள்ளடக்கி 100 ஹெக்டேர் கேட்பவனுக்கு 2023ஆம் வருஷத்திய சட்டம். ஒரு சென்ட் ஆக்கிரமிப்பு. 250 ஏக்கர் அபிவிருத்தி! இதுதான் இரண்டு நியாயம்.

நமது தவறையும் சொல்ல வேண்டும்

அடுத்தவரைக் குறை சொல்வதோடு நாம் நிறுத்தக்கூடாது. நமது தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அனகாபுத்தூருக்குப் போனோம். கோஷம் போட்டோம். சிலர் கைதானோம். ஆனால் எப்போது போனோம்? இயந்திரம் வந்த பிறகு போனோம். வீடு இடிபடும் நாளில் போராட்டம் முக்கால் பங்கு தோற்றுவிட்ட போராட்டம். தீர்மானம் எப்போதோ ஆகிவிட்டது. வண்ணம் எப்போதோ பூசப்பட்டுவிட்டது. சம்பள உயர்வுக்கும் போனசுக்கும் ஆலை வாசலில் நின்ற நாம், தொழிலாளி குடியிருக்கும் நிலத்தைப் பற்றிய தஸ்தாவேஜைக் கேட்டு வாங்கிப் படித்தோமா? கூலி உயர்வுக்கு மறியல் செய்த நாம், கழனியின் வண்ணம் மாறும் விளம்பரத்தைக் கவனித்தோமா? கவனிக்கவில்லை. அது என்ஜினீயர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

அது நமக்குப் புரியாத சமாசாரமும் அல்ல. சில காலத்துக்கு முன், முடிச்சூர் பக்கத்தில் ஒரு விவசாயக் கூலிகள் கூட்டத்துக்கு அந்த வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனோம். அதைப் பெறுவதற்கே ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை நாள் முழுக்கக் காத்துக் கிடந்தோம். தரையில் விரித்தோம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எங்களில் மெட்ரிக் படித்தவர்களே எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தோம். அறுபது தாண்டிய ஒருவர், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், குந்தி உட்கார்ந்து சிறிது நேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்துச் சொன்னார்: “தோழரே, இது நம்ம ஏரி. இங்கே மதகு. இதோ கலங்கல். கலங்கல் தண்ணி இப்படி இறங்கி ஆத்துக்குப் போகும். அந்தக் கால்வாயை இதிலே காணோமே? அது மேலே வீடு போட்டிருக்கே?” 

நாங்கள் வாயடைத்துப் போனோம். அவர் வயதில் பாதிகூட இல்லாத உத்தியோகஸ்தர்கள் கம்ப்யூட்டரில் போட்ட படத்தில் இருந்த குறையை அவர் ஒரு விரலால் காட்டிவிட்டார். தண்ணீர் போகும் வழி அவருடைய காலுக்குத் தெரியும். திட்டம் போட அவரைக் கூப்பிட்டிருந்தால் 2015ல் முடிச்சூர் இவ்வளவு மூழ்கியிருக்குமா?

செய்ய முடியாத காரியமா?

பணமில்லை, நிலமில்லை, முடியாது என்று சொல்லுவார்கள். வியன்னா நகரத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். 1919ல் அந்த நகரசபை தொழிலாளிகளின் பிரதிநிதிகள் கைக்கு வந்தது. யுத்தத்தில் தோற்று, பஞ்சத்தில் வாடிய நகரம் அது. 1923ல் வீட்டுவரி ஒன்றைப் போட்டார்கள். பெரிய மாளிகைக்காரருக்கு அதிகம், சிறு வீட்டுக்காரருக்குச் சொற்பம். அந்தப் பணத்தில் நகரசபையே நிலம் வாங்கி, 1934க்குள் 60,000க்கும் அதிகமான வீடுகளைத் தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்தது. அவற்றில் ஒன்றான காரல் மார்க்ஸ் மாளிகையில் மட்டும் 1,382 வீடுகள். சலவைக்கூடம், சிறு குழந்தைகள் பள்ளி, வைத்திய சாலை, நூலகம் எல்லாம் உள்ளேயே. பக்கத்திலேயே ரயில். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டவில்லை. நூறு வருஷத்துக்கு முன் தோற்ற தேசத்தின் நகரசபைக்கு முடிந்தது, இன்று இத்தனை ஐ.டி. கம்பெனிகளும் மோட்டார் ஆலைகளும் இருக்கும் இந்தச் சென்னைக்கு முடியாதா? மனசில்லை என்பதே உண்மை.

வழியும் இங்கேயே இருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தின் நகலை வெளியிட்டு, ஜனங்களின் ஆட்சேபணைகளுக்கு அவகாசம் தந்தே தீர வேண்டும். பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல ஸ்தாபனப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 70 வார்டுகள். வார்டு தோறும் பகுதி சபை கூட வேண்டுமென்றும் விதி செய்தார்கள். 2022 நவம்பர் 1ந் தேதி பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் என்ற முறையில் மு.க. ஸ்டாலினே வந்து கலந்து கொண்டார். நல்லது. அந்தச் சபை தெருவிளக்குக்கும் குப்பைத் தொட்டிக்கும் மட்டும்தானா? அங்கே வரைபடத்தை விரித்து வைக்கட்டுமே!

நாம் கேட்பவை

ஒன்று: மூன்றாவது முழுமைத் திட்டம் முழுவதும் தமிழில், சர்வே எண் வாரியாக, ஒவ்வொரு பகுதி சபையிலும் கிராம சபையிலும் வைக்கப்பட வேண்டும். அங்கே நிறைவேறும் தீர்மானத்துக்கு உத்தியோகஸ்தர்கள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு: நூற்றுக்குப் பத்து விதியை நிலமாகவும் வீடாகவும் நிறைவேற்ற வேண்டும், பணமாக அல்ல. 2008 முதல் எந்த வளாகத்தில் எத்தனை வீடு ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

மூன்று: மூடிய ஆலைகளின் நிலத்தைக் கம்பெனிகளுக்கு விடுமுன், தொழிலாளர் குடியிருப்புக்கு முதல் பங்கு ஒதுக்க வேண்டும். புதிய தொழில் வளாகம் எங்கே வந்தாலும் வேலையாட்கள் குடியிருக்க நிலத்தை அதோடு சேர்த்தே குறிக்க வேண்டும்.

நான்கு: ஏரி, கால்வாய், சதுப்பு எல்லைகளை அளந்து கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பைப் பெரியவர்களிடமிருந்து எடுக்கத் தொடங்க வேண்டும். ஏழைக் குடும்பத்தை ஆபத்தான கரையிலிருந்து மாற்றத்தான் வேண்டும் என்றால், வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் வீடு தயாராகி, சாவி கையில் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும்.

ஐந்து: 2023ஆம் ஆண்டின் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டும். கிராமம் நகரோடு சேருகிற இடங்களில் நிலமற்ற கூலிகளுக்கு வீட்டுமனைப் பட்டாவும், நகர்ப்புற வேலை உறுதியும் முதலில் தந்துவிட்டே சேர்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாயத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கை அல்ல. பாதி ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருப்பவை. ஆனால் புத்தகத்தில் இருப்பது தானாகவே தெருவுக்கு வராது.

ஆகவே தோழர்களே, அடுத்த பகுதி சபை எப்போது என்று கேளுங்கள். கூட்டவில்லை என்றால் கூட்டச் சொல்லி மகஜர் கொடுங்கள். ஆலைச் சங்கங்களும் விவசாயக் கூலிகள் சங்கங்களும் சேர்ந்து வார்டுக்கு ஐந்து பேரைப் பொறுக்கி எடுங்கள். ஒருவர் பத்திரிகை விளம்பரங்களைப் பார்க்கட்டும். ஒருவர் சர்வே எண்களைக் குறிக்கட்டும். படித்த பிள்ளைகளிடம் இங்கிலீஷைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் போகும் வழி தெரிந்த பெரியவர்களைக் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். மாடிவீட்டில் வெள்ளத்தால் அவதிப்பட்ட குமாஸ்தாவையும் கூப்பிடுங்கள். அவருக்கும் இதில் இடம் உண்டு.

இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகு கை கோத்து நிற்பது வீரம். அது வரவே முடியாதபடி முன்கூட்டியே வரைபடத்தில் நம் இடத்தைக் குறிக்க வைப்பது விவேகம். அனகாபுத்தூரில் நாம் வீரமாகத்தான் நின்றோம். அடுத்த ஊரில் விவேகமாகவும் நிற்போம்.